25 அடிக்கு மேல மோட்டார் இழுக்காது. 60 அடி தென்னை எப்படி இழுக்குது?

கேணிக்கரை (கடலூர் முதுநகர்)
எல்லாருக்கும் வணக்கம். பம்புசெட் வேலை பாக்குறவன். சந்தேகம் தொழில்லேர்ந்து வந்தது, பதில் தொழில்ல கிடைக்கல. அதான் இங்க கேக்குறேன்.

தரைமேல வெச்ச மோட்டார் எந்தக் கம்பெனியா இருந்தாலும், எத்தன ஹெச்.பி.யா இருந்தாலும், தண்ணி 25 அடிக்குக் கீழ போயிட்டா இழுக்காது. கணக்குக்கு 34 அடி. ஃபுட்வால்வு, பெண்டு, பைப்பு உரசல் எல்லாம் தின்னது போக 25 நின்னா நல்ல லைன். அதுக்கும் கீழன்னா மோட்டாரையே தண்ணிக்குள்ள இறக்கணும். கீழேர்ந்து எவ்வளவு வேணா தள்ளலாம், மேலேர்ந்து இழுக்கறதுக்கு எல்லை உண்டு. இது தொழிலோட அரிச்சுவடி.

தேவனாம்பட்டினம் பக்கம் 60, 70 அடி தென்னை நிக்குது. உச்சி ஓலை பச்சைப்பசேல்னு இருக்கு. அடியில மோட்டாரும் இல்ல, கரண்டும் இல்ல. வேர் தள்ளுதா, ஓலை இழுக்குதா? இழுக்குதுன்னா 34 அடி சட்டம் தென்னைக்கு மட்டும் ஏன் செல்லாது?

நீட்_மறுபடி (விருத்தாசலம்)
தந்துகிக் கவர்ச்சி அண்ணா. மெல்லிய குழாய்ல தண்ணி தானா ஏறும். மரத்துக்குள்ள தண்ணி போற குழாய்க்கு சைலம்னு பேரு, அது ரொம்ப ரொம்ப மெல்லிசு.

கேணிக்கரை
எவ்வளவு ஏறும் தம்பி? அடிக்கணக்குல சொல்லு.

டீச்சர்_லாஸ்பேட்டை (புதுச்சேரி)
நான் சொல்கிறேன். குழாயின் விட்டம் 0.1 மில்லிமீட்டர் என்றால் தந்துகி ஏற்றம் சுமார் 30 சென்டிமீட்டர். அதையே 0.02 மில்லிமீட்டராகக் குறைத்தால் ஒன்றரை மீட்டர். சைலக் குழாய்கள் பெரும்பாலும் இந்த அளவுகளைச் சுற்றித்தான் இருக்கும். தக்காளிச் செடிக்கு இது போதும், தென்னைக்கு எந்த மூலைக்கு?

இன்னொன்று. தந்துகியில் ஏற வேண்டுமென்றால் குழாயில் தண்ணீரும் காற்றும் சந்திக்கும் ஒரு வளைந்த பரப்பு வேண்டும். உயிருள்ள மரத்தின் தண்டில் அது கிடையாது. குழாய் முளைத்த நாளிலிருந்து அடி முதல் நுனி வரை நிறைந்தே இருக்கிறது. அந்த வளைந்த பரப்பு வேறு இடத்தில் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். தம்பி சொன்னதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

முந்திரிக்காடு (பண்ருட்டி)
வேர்தாங்க தள்ளுது. இதுல என்ன குழப்பம்? எங்க பக்கம் கல்லடைப்புக்கு வாழைத்தண்ணி எடுப்பாங்க. தார் வெட்டின மரத்தை அடியோட சீவிட்டு, கட்டையில ஒரு குழி நோண்டி, மேல வாழை இலை போட்டு மூடி வெச்சிட்டா காலையில குழி நெறைய தண்ணி ஊறி நிக்கும். மேல இலையே இல்ல, எது இழுக்குது? வேர் தள்ளினாதானே ஊறும்?

டீச்சர்_லாஸ்பேட்டை
அருமையான சாட்சி. அதன் பெயர் வேர் அழுத்தம். மண்ணில் ஈரம் நிறைய இருந்து, இலை வழியாக ஆவியாவது குறைவாக இருக்கும் நேரத்தில், வேர் உப்புகளைச் சைலத்துக்குள் திணிக்கும். உப்பைத் தேடி நீர் உள்ளே வரும், அழுத்தம் கூடும். விடியற்காலையில் நெல் இலையின் நுனியில் முத்து முத்தாக நிற்பது பாதி நேரம் பனி இல்லை. வேர் தள்ளி, இலை நுனித் துளை வழியாகக் கசிந்த தண்ணீர்தான். ஸ்டீஃபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயர் வெட்டிய திராட்சைக் கொடியின் அடிக்கட்டையில் குழாயைப் பொருத்தி இதை அளந்து 1727ல் புத்தகமாகவே போட்டார்.

ஆனால் இந்தத் தள்ளுவிசை பெரும்பாலும் ஒன்றிரண்டு வளிமண்டல அழுத்தத்துக்குள் அடங்கிவிடும். பல மரங்களில் அதுவும் இல்லை. முக்கியமாக, தண்ணீர் அதிகம் தேவைப்படும் உச்சி வெயிலில் இது காணாமல் போய்விடும். பகல் ஒரு மணிக்கு, இலைகளோடு நிற்கும் பக்கத்து வாழையில் ஓட்டை போட்டுப் பாருங்கள், ஊறாது.

தோப்புக்காரன் (பாகூர்)
டீச்சர் சொல்றதுக்கு என்கிட்ட ஒரு சாட்சி இருக்கு. தென்னைக்கு வேர்வழி மருந்து கட்டுறது தெரியும்ல? தண்டுலேர்ந்து ரெண்டு மூணு அடி தள்ளி மண்ணைப் பறிச்சா பென்சில் கனத்துல புது வேர் கிடைக்கும். முத்தின கறுப்பு வேர் ஆவாது, இளசா இருக்கணும். வேர் நுனியை கத்தியால சாய்வா சீவிட்டு, மருந்தும் தண்ணியும் கலந்த பிளாஸ்டிக் பைக்குள்ள அந்த முனை அடியில முட்டுற மாதிரி விட்டு, நூல் கட்டி மண்ணைத் தள்ளிடுவோம். மறுநாள் போய்ப் பாத்தா பை சப்பிப்போய் காலி. குடிக்கலைன்னா வேற வேர் தேடணும்.

வேர்தான் தள்ளுதுன்னா வெட்டின முனையிலேர்ந்து தண்ணி வெளிய வந்து பை ரொம்பணும். காலியாவுதே? மேலேர்ந்து ஏதோ இழுக்குதுன்னுதான் அர்த்தம். (மருந்து கட்டினா 45 நாளைக்கு அந்த மரத்துல காய் பறிக்கக் கூடாது. யாராச்சும் படிச்சிட்டு நேரா தோட்டத்துக்குப் போயிடப் போறீங்க.)

கேணிக்கரை
இது ஒப்புக்குற மாதிரி இருக்கு. அப்ப சக்ஷன்தான். சரி, 34 அடிக்கு என்ன பதில்?

டீச்சர்_லாஸ்பேட்டை
அதற்கு முதலில் உங்கள் மோட்டாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். மோட்டார் தண்ணீரை இழுப்பதே இல்லை. பைப்புக்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது. கிணற்றுத் தண்ணீரின் மேல் உட்கார்ந்திருக்கும் வெளிக்காற்று தண்ணீரைப் பைப்புக்குள் தள்ளுகிறது. காற்றின் பலம் அவ்வளவுதான், 10.3 மீட்டர், உங்கள் கணக்கில் 34 அடி. பைப்புக்குள் முழு வெற்றிடமே வைத்தாலும் அதற்கு மேல் தள்ளக் காற்றுக்குத் தெம்பு இல்லை.

மரம் காற்றை நம்புவதில்லை. நிஜமாகவே இழுக்கிறது.

இலைக்குள் இருக்கும் செல்களின் சுவர்கள் எப்போதும் நனைந்திருக்கும். வெயில் பட்டதும் அந்த ஈரம் ஆவியாகி இலைத்துளை வழியே வெளியேறும். சுவரில் செல்லுலோஸ் நார்களுக்கு நடுவே இருக்கும் இடுக்குகள் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அகலம். ஈரம் குறையக் குறைய தண்ணீரின் பரப்பு அந்த இடுக்குகளுக்குள் வளைந்து பின்வாங்கும். தம்பி சொன்ன தந்துகி இங்கேதான் இருக்கிறது. இவ்வளவு சின்ன இடுக்கில் வளைந்த பரப்பு சுமார் 300 வளிமண்டல அழுத்தம் வரை தாங்கும். அந்தப் பரப்பு பின்னால் இருக்கும் தண்ணீரை இழுக்க, அது அதற்குப் பின்னால் இருப்பதை இழுக்க, இலை நரம்பு, காம்பு, தண்டு, வேர் என்று மண் வரைக்கும் ஒரே தொடராகப் போகிறது. தேர் வடம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இழுப்பவர் கை அசைந்தால் கடைசி வரைக்கும் வடம் விறைக்கும். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்வதால் தண்ணீரும் வடமாகிறது. 1894ல் டப்ளினில் டிக்ஸன், ஜோலி என்ற இருவர் இதைச் சொன்னார்கள்.

செலவுக் கணக்கு: எடையைத் தூக்க ஒவ்வொரு 10 மீட்டருக்கும் 1 வளிமண்டல அழுத்தம். குழாய்ச் சுவரின் உரசலுக்கு ஏறக்குறைய இன்னொன்று. 20 மீட்டர் தென்னைக்கு 4 இருந்தால் ஆயிற்று. கலிஃபோர்னியாவில் 116 மீட்டர் வரை வளர்ந்த ரெட்வுட் என்ற ஊசியிலை மரம் ஒன்று இருக்கிறது, அதற்கும் இதே ஏற்பாடுதான். எரிசக்தி முழுக்க வெயிலுடையது, மரத்தின் கையிலிருந்து காசு போகவில்லை. பதிலுக்கு, உறிஞ்சும் தண்ணீரில் 95 விழுக்காட்டுக்கு மேல் ஆவியாகப் பறந்துவிடுகிறது. அது தனிப் பஞ்சாயத்து.

நெற்றிக்கண் (நெல்லிக்குப்பம்)
தண்ணீர் வடமாம்! தண்ணீரைக் கையில் பிடித்து இழுத்துப் பார்த்திருக்கிறீர்களா டீச்சர்? டப்ளின்காரன் சொன்னால் வேதம், நம் ஆள் சொன்னால் கணக்கில் இல்லையா? ஜகதீஷ் சந்திர போஸ் 1923ல் சாறேற்றம் பற்றித் தனி நூலே எழுதினார். தண்டின் உயிருள்ள செல்கள் சுருங்கி விரிந்து, இதயம்போல் துடித்து, நீரை மேலே ஏற்றுகின்றன என்று மின்முனையைச் செருகி அளந்து காட்டினார். மரம் உயிருள்ளது. உயிருள்ள பொருள் தன் வேலையைத் தானே செய்யும் என்பதில் உங்களுக்கு என்ன சிரமம்?

டீச்சர்_லாஸ்பேட்டை
போஸ் மேல் எனக்கு மரியாதை உங்களைவிடக் குறைவில்லை ஐயா. செடிகளில் மின்துடிப்பு ஓடுகிறது என்று அவர் காட்டியது இன்றைக்கும் நிற்கிறது. சாறேற்றத்தில்தான் சிக்கல். அவருக்கு முப்பது வருடம் முன்பே ஜெர்மனியில் ஸ்ட்ராஸ்பர்கர் ஒரு காரியம் செய்தார். சுமார் 20 மீட்டர் உயர ஓக் மரத்தை அடியில் அறுத்து, அப்படியே பிக்ரிக் அமிலக் கரைசலில் நிறுத்தினார். அமிலம் ஏற ஏற வழியில் இருந்த உயிருள்ள செல்கள் எல்லாம் செத்தன. பிறகு சாயம் கொடுத்தார். செத்த தண்டு வழியே சாயமும் மேலே போயிற்று. இலைகள் சாகும் வரை ஓட்டம் நிற்கவில்லை.

துடிக்கும் செல்தான் பம்பு என்றால், செல் செத்ததும் ஓட்டம் நின்றிருக்க வேண்டும். இன்னும் ஒன்று: சைலக் குழாய் வேலையைத் தொடங்குவதே அந்தச் செல் செத்த பிறகுதான். சுவரில் லிக்னின் என்ற கெட்டிப்பொருளை ஏற்றி, வளையமும் சுருளுமாகத் தடிப்பு வைத்து, மேல் கீழ்த் தடுப்பைக் கரைத்து, கடைசியில் உள்ளிருக்கும் எல்லாவற்றையும் காலி செய்துவிட்டு அந்தச் செல் செத்துப்போகும். மிச்சம் இருப்பது வெறும் குழாய். அந்த வளையத் தடிப்பு எதற்கு? உள்ளே தள்ளுவிசை இருந்தால் குழாய் வெடிக்கத்தான் பார்க்கும். உள்ளே இழுவிசை இருந்தால் சப்பிப்போகும். சப்பாமல் இருக்க உள்பக்கம் வளையம் வேண்டும்.

கேணிக்கரை
இது சத்தியமான வார்த்தை. டெலிவரிக்கு லே-ஃபிளாட் பைப்பு போதும். சக்ஷனுக்கு உள்ள கம்பிச் சுருள் வெச்ச ஓஸ்தான் போடணும், இல்லன்னா ஒட்டிக்கும். மரத்துல சுருள் இருக்குன்னா அது சக்ஷன் லைன்தான். எனக்கு வேற சாட்சி வேணாம்.

நெற்றிக்கண்
பைப்பு கடையில் அறிவியல் முடிவாகிவிட்டது, சந்தோஷம். 1995ல் மார்ட்டின் கேனி இந்த இழுவிசைக் கோட்பாட்டையே கேள்வி கேட்டு எழுதினார் என்பதையும் டீச்சர் சொல்லியிருக்கலாம்.

டீச்சர்_லாஸ்பேட்டை
சொல்லிவிடுகிறேன். 1990களில் பெரிய சண்டையே நடந்தது. குழாய்க்குள் நுண்ணிய ஊசி செருகி நேரடியாக அளந்தவர்களுக்குக் கோட்பாடு சொன்ன அளவு இழுவிசை கிடைக்கவில்லை. அதை வைத்துக் கேனியும் வேறு சிலரும் கேள்வி எழுப்பினார்கள். அதே 1995ல் கிளைத் துண்டை மையவிலக்கியில் சுற்றி, தெரிந்த அளவு இழுவிசையை வேண்டுமென்றே கொடுத்துப் பார்த்தார்கள். தண்ணீர்த் தொடர் அறாமல் தாங்கியது. 2008ல் அமெரிக்காவில் இரண்டு பேர் ஹைட்ரோஜெல்லில் உயிரே இல்லாத ஒரு 'மரம்' செய்து, அதிலும் இழுவிசையில் தண்ணீரை ஓடவைத்துக் காட்டினார்கள்.

உயிருள்ள செல்களுக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. காற்றடைத்துப் போன குழாயை மறுபடி நிரப்புவதில் பக்கத்து உயிர்ச்செல்களுக்கு எவ்வளவு பங்கு என்பது இன்றும் வாதத்தில் இருக்கிறது. உங்கள் போஸுக்கு அந்த வாசல் திறந்தே இருக்கிறது.

நெற்றிக்கண்
வாசல் திறந்தால் போதும். உள்ளே வர எங்களுக்குத் தெரியும்.

நீட்_மறுபடி
டீச்சர், பரீட்சைக்கு எதைப் போடணும்?

டீச்சர்_லாஸ்பேட்டை
கூட்டிணைவு, நீராவிப்போக்கு இழுவிசை. கண்ணை மூடிக்கொண்டு போடு.

கேணிக்கரை
ஒரு இடம் இடிக்குது. சக்ஷன்ல அழுத்தம் ரொம்ப இறங்கினா தண்ணி பைப்புக்குள்ளயே கொதிச்சு குமிழி வரும். எங்க தொழில்ல கேவிடேஷன்னு சொல்லுவோம். இம்பெல்லரைக் கழட்டிப் பாத்தா அம்மைத்தழும்பு மாதிரி குழி குழியா தின்னிருக்கும். ஓடும்போது உள்ள கூழாங்கல் உருள்ற சத்தம் கேக்கும். எங்க வேக்குவம் கேஜ் 760 மில்லிமீட்டர் பாதரசத்தோட முட்டி நின்னுடும், அதுக்குக் கீழ அழுத்தமே கிடையாது. நீங்க தென்னை 4 வளிமண்டல அழுத்தத்துக்கு இழுக்குதுன்னு சொல்றீங்க, காத்தோட பலமே 1தான், அப்ப சைபருக்கும் கீழ போகணும். குமிழி வராதா?

டீச்சர்_லாஸ்பேட்டை
வரும். தினமும் வருகிறது. கேள்வி கேட்ட விதத்துக்கே உங்களுக்கு ஒரு டீ வாங்கித் தரலாம்.

சைபருக்குக் கீழே போன தண்ணீர் எந்த நிமிடமும் ஆவியாக மாறத் தயாரான நிலையில்தான் இருக்கிறது. ஆனால் குமிழி பிறக்க ஒரு விதை வேண்டும், ஒரு தூசி, ஒட்டிக்கிடக்கும் கொஞ்சம் காற்று. உங்கள் இரும்புப் பைப்பில் அதற்குக் குறைவே இல்லை. சைலக் குழாய் பிறக்கும்போதே தண்ணீரோடு பிறந்தது, சுவர் நீரை விரும்பும் சுவர், உள்ளே வரும் தண்ணீர் வேரில் வடிகட்டப்பட்டது. அதனால் தாக்குப் பிடிக்கிறது. வறட்சியில் இழுவிசை எல்லை மீறும்போது பக்கத்தில் ஏற்கெனவே காலியான குழாயிலிருந்து காற்று உள்ளே நுழையும். டக்கென்று தொடர் அறும், அந்தக் குழாய் காலி.

சத்தமும் உண்டு. 1966ல் மில்பர்ன், ஜான்சன் இருவரும் வாடும் ஆமணக்கு இலையில் ஒலிவாங்கியை ஒட்டவைத்து அந்த 'டக்'கைக் கேட்டார்கள்.

குமிழி ஒரு குழாயில் வந்தால் மரமே காற்று வாங்கிவிடாதா என்றால், அங்கேதான் மரத்தின் பிளம்பிங் உங்களுடையதைவிட ஒரு படி மேல். தண்டில் குழாய் ஒன்று இல்லை, ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றும் சில சென்டிமீட்டரிலிருந்து சில மீட்டர் நீளம் வரை, அப்புறம் முடிந்துவிடும். குழாயிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் பக்கச் சுவரில் இருக்கும் சின்னச் சின்னக் குழிகள் வழியாகப் போகும். அந்தக் குழிக்கு நடுவே ஒரு மெல்லிய சவ்வு. தண்ணீரை விடும், காற்றுப் பரப்பை விடாது. குமிழி பிறந்த குழாயோடு சிறைப்படும். தண்ணீர் பக்கத்துக் குழாய் வழியே சுற்றிப் போகும்.

தோப்புக்காரன்
அந்த டக் சத்தம் பத்தித்தான் வாட்ஸாப்ல ஒண்ணு சுத்துச்சு. செடியை வெட்டினா அலறுது, நம்ம காதுக்குத்தான் கேக்கலன்னு.

[நெறியாளர்: இதன் கீழ் ஒட்டப்பட்டிருந்த ஃபார்வர்டு செய்தி நீக்கப்பட்டது. விவாதிக்கலாம், ஒட்ட வேண்டாம்.]

டீச்சர்_லாஸ்பேட்டை
அந்தச் செய்திக்கு மூலம் 2023ல் இஸ்ரேலில் வந்த ஆய்வு. தண்ணீர் விடாத தக்காளிச் செடி மணிக்கு 30 முதல் 50 முறை வரை 40 முதல் 80 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் 'டிக்' என்கிறது. நம் காது 20க்கு மேல் கேட்காது. நன்றாகத் தண்ணீர் விட்ட செடி ஏறக்குறைய வாய் திறப்பதே இல்லை. கேணிக்கரை சொன்ன அதே குமிழிதான் காரணமாக இருக்கலாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அலறல் என்பது ஃபார்வர்டு செய்தவரின் கைச்சரக்கு.

சுரபுன்னை (கிள்ளை)
நீங்க எல்லாரும் நல்ல தண்ணி மரத்தையே பேசுறீங்க. எங்க பிச்சாவரத்துக்கு வாங்க. கடல் தண்ணிக்குள்ள வேரை விட்டு நிக்குது. உப்புத் தண்ணி உள்ள போற மரத்தை வெளிய இழுக்கப் பாக்குமே, அது எப்படிக் குடிக்குது?

எனக்குத் தெரிஞ்சதை நானே சொல்லிடுறேன், டீச்சர் திருத்தட்டும். கடல்நீரோட சவ்வூடு இழுப்பு சுமார் 25 வளிமண்டல அழுத்தம். சைலத்துல அதுக்கு மேல இழுத்தாதான் முதல் சொட்டே உள்ள வரும். தென்னைக்கு 4, எங்க மரத்துக்கு ஆளுயரம் வளர்றதுக்கே 25ஐத் தாண்டணும். 1965ல ஷோலாண்டர்ங்கிறவர் ஒரு அழுத்தக் கலம் வெச்சு அளந்தார். கிளையை வெட்டி, காம்பு மட்டும் வெளிய நீட்டுற மாதிரி கலத்துல அடைச்சு, உள்ள வாயுவை ஏத்துவாங்க. வெட்டினதும் உள்ள இழுத்துக்கிட்ட சாறு எந்த அழுத்தத்துல மறுபடி வெட்டுமுனைக்கு வருதோ, அதுதான் மரத்தோட இழுவிசை. கண்டல் மரங்கள்ல 30லேர்ந்து 60 வரைக்கும் காட்டுச்சு. உயரமான மரத்து உச்சிக்கிளை வேணும்னப்ப துப்பாக்கியால சுட்டு வீழ்த்தி எடுத்தாங்களாம். அந்த வேலை நமக்குக் கிடைக்கலியே.

உப்பு விஷயத்துல ரெண்டு வழி. சுரபுன்னை வேர்லயே உப்பைத் தடுத்துடும், உள்ள போறது ஏறக்குறைய நல்ல தண்ணி. வெண்கண்டல் கொஞ்சம் உள்ள விட்டுட்டு இலையில இருக்குற சுரப்பி வழியா வெளிய தள்ளும். வெயில் ஏறினதும் படகுலேர்ந்து கையை நீட்டி ஒரு வெண்கண்டல் இலையைத் தடவிப் பாருங்க, பொடி உப்பு விரல்ல ஒட்டும். நக்கினா தெரியும். ஆனா தில்லை மரத்துகிட்ட இந்த வேலை வேணாம். அதோட பால் கண்ணுல பட்டா பெரிய வம்பு.

டீச்சர்_லாஸ்பேட்டை
திருத்த ஒன்றுமில்லை. ஒரே ஒரு சேர்க்கை: தில்லையின் பால் சைலத்தில் ஓடுவதில்லை, அதற்குத் தனிக் குழாய் உண்டு. அதேபோல் கள்ளும் பதநீரும் சைலத்தின் சரக்கு இல்லை. அது இலை சமைத்த சர்க்கரை, ஃபுளோயம் என்ற வேறு குழாய் வழியாகப் பாளைக்கு வருவது.

தோப்புக்காரன்
கள்ளுன்னு சொன்னதும் தமிழ்நாட்டு அண்ணன்மாருங்க பெருமூச்சு விடுறது பாகூர் வரைக்கும் கேக்குது.

[நெறியாளர்: கள் பற்றிய 11 பதிவுகள் 'அரட்டை' பகுதிக்கு மாற்றப்பட்டன.]

நீட்_மறுபடி
ஒரு வீடியோவுல பைன் மரக்கட்டைத் துண்டை ஓஸ் முனையில மாட்டி தண்ணி வடிகட்டினாங்க. பாக்டீரியா 99 சதவீதத்துக்கு மேல நின்னுடுதாம். நம்ம ஊர்ல பைன் இல்ல, ஆனா கடற்கரை பூரா சவுக்கு இருக்கே? அதுவும் ஊசியிலை மரம்தானே?

டீச்சர்_லாஸ்பேட்டை
அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 2014ல் செய்தது. 2021ல் இமயமலைப் பைனிலும் செய்து காட்டினார்கள். முன்னே சொன்ன குழிச்சவ்வுதான் அங்கே வடிகட்டி. வைரஸ் அதைவிடச் சின்னது, தப்பிப் போய்விடும்.

சவுக்கு ஆகாது. அது ஊசியிலை மரம் மாதிரி வேஷம் போட்ட பூக்கும் தாவரம். சின்ன வயதில் சவுக்கு ஊசியைக் கணுவில் பிய்த்து மறுபடி செருகி "எங்க ஒட்டுப் போட்டேன் சொல்லு" என்று விளையாடியிருப்போமே? இலைக்குக் கணு ஏது? அது பச்சைக் குச்சி. கணுவைச் சுற்றி வட்டமாக, பல் மாதிரி குட்டிக் குட்டியாக நிற்பதுதான் இலை. சவுக்கு, வேம்பு, முருங்கை எல்லாவற்றிலும் நீளமான குழாய்கள் உண்டு. நாலு சென்டிமீட்டர் துண்டு வெட்டினால் பல குழாய்கள் இரண்டு பக்கமும் திறந்தே இருக்கும், தண்ணீர் கிருமியோடு நேராக ஓடும். பைனில் நீண்ட குழாய் கிடையாது, டிரக்கீடு என்ற, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள, முனை மூடிய செல்கள்தான். ஒவ்வொரு சொட்டும் பல சவ்வுகளைத் தாண்டியே ஆக வேண்டும்.

டிரக்கீடு எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமென்றால் இமயமலைக்குப் போக வேண்டாம், திருவக்கரை போதும். புதுச்சேரியிலிருந்து 30 கிலோமீட்டருக்குள். சுமார் 2 கோடி ஆண்டுப் பழைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அடிமரம் அடிமரமாக, வெயிலில், செம்மண்ணில். சிலிக்கா கரைந்த தண்ணீர் அந்தச் சைலத்துக்குள்ளேயே புகுந்து, குழாய் குழாயாகப் படிந்து, மரத்தைக் கல்லாக்கிவிட்டது. மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் வைத்தால் செல்சுவர் தெரியும். அதை வைத்துத்தான் இது ஊசியிலை வகை, இது பூக்கும் வகை என்று பிரித்தார்கள். அங்கே இரண்டும் இருக்கின்றன. சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் 1781லேயே இவற்றைப் பற்றி எழுதிவிட்டார்.

கேணிக்கரை
திருவக்கரை பாறைக்கு என்ன பேரு டீச்சர்?

டீச்சர்_லாஸ்பேட்டை
கடலூர் மணற்கல்.

கேணிக்கரை
அட! எங்க போர்ல தண்ணி வர்றதே அந்தப் பாறையிலதானே. நெய்வேலி பக்கம் ஒரு காலத்துல போர் போட்டா மோட்டாரே இல்லாம பீறிட்டு வந்ததும் அந்தப் பாறைத் தண்ணிதான்.

உளி (வில்லியனூர்)
தச்சு வேலைக்காரன் ஒண்ணு கேக்குறேன். பலாவை அறுத்தா நடுவுல மஞ்சளா வைரம், சுத்தி வெள்ளை. வெள்ளையை பூச்சி ஒரு வருசத்துல மாவாக்கிடும், வைரத்தைத் தொடாது. தஞ்சாவூர் வீணைக்குப் பண்ருட்டிப் பலான்னா அந்த வைரத்துக்குத்தான். தென்னை, பனையில எல்லாம் தலைகீழ், வைரம் வெளிப்பக்கம், உள்ள சோறு. தண்ணி எதுல போவுது?

டீச்சர்_லாஸ்பேட்டை
பலாவில் வெள்ளையில். உயிர்ச்செல்லும் மாவுச்சத்தும் அங்கேதான், பூச்சி அதற்குத்தான் வருகிறது. வருடா வருடம் வெளிப்பக்கம் புதுச் சைலம் சேரும். உள்ளே பழசாகிப்போன குழாய்க்குள் பக்கத்துச் செல் பலூன் மாதிரி புடைத்து நுழைந்து அடைத்துவிடும், பிசினும் நிறமும் ஏற்றப்படும். அதுதான் உங்கள் வைரம். அதில் தண்ணீர் ஓடாது. வேலை முடிந்த பைப்பு.

தென்னைக்குப் புதுச் சைலம் சேர்க்கும் ஏற்பாடே கிடையாது. குழாய்க் கற்றைகள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும், வெளிப்பக்கம் நெருக்கமாக இருப்பதால் அங்கே கெட்டி. இளமையில் போட்ட குழாயே அறுபது எழுபது வருடம் உழைக்க வேண்டும். ஏறுவதற்கு வெட்டிய படிவெட்டு தென்னையில் ஆயுசுக்கும் ஆறாமல் அப்படியே நிற்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? மூடுவதற்குச் சரக்கு இல்லை. தொல்காப்பியத்து மரபியல் இதைப் புறக்காழ், அகக்காழ் (காழ் என்றால் வைரம்) என்று அன்றைக்கே பிரித்துவைத்திருக்கிறது. புறக்காழ் உள்ளது புல், அகக்காழ் உள்ளது மரம். தாவரவியலும் தென்னையைப் புல்லின் பக்கம்தான் வைக்கிறது.

முந்திரிக்காடு
இப்ப என் விஷயத்துக்கு வரேன். தானே புயல்ல, 2011 டிசம்பர் 30, எங்க கொல்லையில முந்திரி ஒண்ணு பாக்கி இல்லாம போச்சு. ஒரு பலா மட்டும் பாதி வேரோட சாஞ்சி கிடந்தது. பெரியவங்க சொல்லி, கிளையை எல்லாம் மொட்டையடிச்சிட்டு நிமிர்த்தி வெச்சோம். பொழைச்சிடுச்சி. அப்ப ஏன் கழிக்கச் சொன்னாங்கன்னு இப்பதான் பிடிபடுது. இருக்குற பாதி வேருக்குத் தக்கன இழுக்குற இலை இருந்தா போதும்.

ஆனா இப்ப அந்த மரம் அடியில பொந்து விழுந்துடுச்சி. நடுவுல கையை விட்டா முழங்கை வரைக்கும் போவுது. காய் நல்லாத்தான் புடிக்குது. வீட்டுல வெட்டிடலாம்ங்கறாங்க, வியாபாரியும் வந்து பாத்துட்டுப் போயிட்டார். தண்ணி வெள்ளையிலதான் போவுதுன்னா பொந்தால மரத்துக்கு தாகம் எடுக்காதுல்ல?

டீச்சர்_லாஸ்பேட்டை
எடுக்காது. சுற்றிலும் பட்டையும் வெள்ளையும் முழுசாக இருந்தால் குடிநீருக்குக் குறைவில்லை. பார்க்க வேண்டியது பலம்தான், அடுத்த காற்றுக்குத் தாங்குமா என்பது. வீட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறதா?

முந்திரிக்காடு
இல்ல, மோட்டார் கொட்டகைப் பக்கம்.

உளி
தட்டிப் பாருங்க. பொந்தைச் சுத்தி ஒரு சாண் கனம் கெட்டியா சத்தம் வந்தா விடுங்க. வியாபாரிகிட்ட வைரம் போன மரம்னு சொல்லிடுங்க, அவரே திரும்பிப் பாக்க மாட்டார்.

கேணிக்கரை
கொட்டகையை ரெண்டடி தள்ளிப் போட்டுக்கலாம் அண்ணே. மோட்டார் என்ன, நான் வந்து மாத்தித் தரேன்.